பூச்சிமருந்துத் தடை: உலக மாநாட்டிலிருந்து உள்ளூர்க் கடை வரை

சென்ற போகம் வரை கடையில் கிடைத்த பூச்சிமருந்து இந்தப் போகத்தில் கிடைப்பதில்லை. கேட்டால், "தடை வந்துவிட்டது" என்று கடைக்காரர் கையை விரிக்கிறார். தடை செய்தது யார், எதற்காகச் செய்தார்கள், அதற்குப் பதில் எதை அடிப்பது என்பதெல்லாம் விவசாயிக்குத் தெரிவதில்லை. இன்னொரு பக்கம், வெளிநாட்டில் பல ஆண்டுகளுக்கு முன்பே கைவிட்ட மருந்து நம் ஊரில் தாராளமாக விற்பனையாகிறது. இதற்கும் காரணம் தெரிவதில்லை.

மண்ணும் நீரும் அடுத்த தலைமுறைக்கும் கெடாமல் இருக்க வேண்டும் என்பதற்காக உலக அளவிலும் நாட்டு அளவிலும் எத்தனையோ ஒப்பந்தங்களும் சட்டங்களும் வந்துள்ளன. இவை படித்தவர்களும் அதிகாரிகளும் பார்த்துக் கொள்ள வேண்டிய விஷயம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. ஜினீவாவிலோ ரோமிலோ எடுக்கப்படும் முடிவு, சில ஆண்டுகளில் ஒன்றரை ஏக்கர் கத்தரித் தோட்டத்துக்கு வந்து சேருகிறது. அது எந்த வழியாக வருகிறது, எங்கே தாமதமாகிறது, எந்த இடத்தில் விவசாயி தன் பேச்சைச் சொல்லலாம் என்பதைப் பூச்சிமருந்தையே உதாரணமாகக் கொண்டு பார்ப்போம்.

சட்டம் பிறந்த கதை

1958-ஆம் ஆண்டு கேரளத்தில் ஒரு பெரும் துயரம் நேர்ந்தது. கப்பலில் வந்த கோதுமை மாவு, அதே கப்பலில் ஏற்றப்பட்டிருந்த பாரத்தியான் என்ற பூச்சிமருந்து கசிந்ததால் நஞ்சாகிவிட்டது. அது தெரியாமல் அந்த மாவில் செய்த பண்டங்களை உண்டவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். உணவுப் பொருளையும் நஞ்சையும் ஒன்றாக ஏற்றக் கூடாது என்று கட்டாயப்படுத்தும் முறையான சட்டம் அப்போது இல்லை.

இதை ஒட்டி நடந்த விசாரணைகளின் பலனாக 1968-ஆம் ஆண்டில் பூச்சிக்கொல்லிச் சட்டம் நிறைவேறியது. 1971-ல் அதற்கான விதிகள் வந்தன. துயரம் நடந்து சட்டம் வரப் பத்து ஆண்டுகள், விதிகள் வர மேலும் மூன்று ஆண்டுகள். எந்த நாட்டிலும் சட்டம் மெதுவாகத்தான் நகரும் என்பதை இந்தக் கணக்கிலிருந்தே தெரிந்து கொள்ளலாம்.

இந்தச் சட்டப்படி இரண்டு அமைப்புகள் முக்கியமானவை. ஒன்று, மத்திய, மாநில அரசுகளுக்கு ஆலோசனை கூறும் மத்திய பூச்சிக்கொல்லி வாரியம். மற்றொன்று, ஒவ்வொரு மருந்தையும் பரிசீலித்துப் பதிவு செய்யும் பதிவுக் குழு. பதிவு இல்லாத மருந்தைத் தயாரிக்கவோ, இறக்குமதி செய்யவோ கூடாது. அது மட்டுமல்ல, மருந்து எந்தப் பயிரில் எந்தப் பூச்சிக்கு என்றும் குறித்தே பதிவு செய்யப்படுகிறது. பருத்திக்கு எனப் பதிவான மருந்தைக் கீரைக்கு அடிப்பது, மருந்து பதிவானதாக இருந்தாலும், பதிவுக்குப் புறம்பான உபயோகமே ஆகும். இந்த உண்மை நம்மில் பலருக்குத் தெரியாது. கடைக்காரர்களிலும் சிலருக்குத் தெரியாது.

உலக அளவில் மூன்று ஏற்பாடுகள்

காற்றுக்கும் கடலுக்கும் எல்லை கிடையாது. ஒரு நாட்டில் தெளித்த நஞ்சு காற்றோடும் நீரோடும் இன்னொரு நாட்டுக்குப் போகிறது. ஆகவே நாடுகள் கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டியதாயிற்று. பூச்சிமருந்து விஷயத்தில் மூன்று ஏற்பாடுகளை அறிந்து கொண்டால் போதும்.

முதலாவது, ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம். 2001-ல் கையெழுத்தாகி 2004-ல் அமலுக்கு வந்தது. எளிதில் சிதையாத நஞ்சுகளை உலகத்திலிருந்தே ஒழிப்பது இதன் நோக்கம். முதலில் இதில் 12 பொருள்கள் சேர்க்கப்பட்டன. அவற்றில் 9 பூச்சிக்கொல்லி வகைகள். நமக்கு நன்கு பழக்கமான டி.டி.டி., எண்டிரின், ஆல்டிரின் ஆகியவை இதில் அடங்கும். டி.டி.டி.யை விவசாயத்தில் உபயோகிப்பதற்கு இந்தியா 1989-லேயே தடை விதித்துவிட்டது. ஒரு காலத்தில் வயல்தோறும் மூட்டை மூட்டையாகத் தூவிய பி.எச்.சி. தூள் 1997-ல் தடை செய்யப்பட்டது.

ஒரு பொருளை இந்தப் பட்டியலில் சேர்க்க நான்கு கேள்விகள் கேட்கிறார்கள். மண்ணிலும் நீரிலும் நீண்ட நாள் தங்குமா? உயிர்களின் உடலில் சேர்ந்து கொண்டே போகுமா? வெகுதூரம் பரவுமா? மனிதருக்கோ மற்ற உயிர்களுக்கோ தீங்கு செய்யுமா? நீரில் இட்ட பொருள் பாதியாகக் குறைய 2 மாதத்துக்கு மேல் ஆனாலோ, மண்ணில் 6 மாதத்துக்கு மேல் ஆனாலோ, அது நீண்ட நாள் தங்கும் பொருள் என்று கொள்வார்கள். பல நாட்டு நிபுணர்கள் 31 பேர் கொண்ட குழு இவற்றைப் படிப்படியாகப் பரிசீலித்துச் சிபாரிசு செய்யும். அதன் பிறகு உறுப்பு நாடுகளின் மாநாடு முடிவு செய்யும்.

இரண்டாவது, ராட்டர்டாம் ஒப்பந்தம். 1998-ல் ஏற்கப்பட்டு 2004-ல் அமலுக்கு வந்தது. இது எந்த மருந்தையும் தடை செய்வதில்லை. ஆபத்தான மருந்தை ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கு அனுப்புமுன், வாங்கும் நாட்டுக்கு அதன் தீமைகளைத் தெரிவிக்க வேண்டும், வாங்கும் நாட்டின் சம்மதம் பெற வேண்டும் என்பதே இதன் சாரம். விவரம் தெரிந்து வாங்குகிறாயா, தெரியாமல் வாங்குகிறாயா என்பதுதான் இங்கே கேள்வி.

மூன்றாவது, கோடெக்ஸ் எனப்படும் உணவுத் தர ஏற்பாடு. ஐ.நா.வின் உணவு விவசாய நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து 1963-ல் நிறுவிய அமைப்பு இது. விளைபொருளில் எந்த மருந்தின் மிச்சம் எவ்வளவு வரை இருக்கலாம் என்ற வரம்பை இது சிபாரிசு செய்கிறது. ஒவ்வொரு நாடும் தனக்கென வரம்பை வைத்துக் கொள்ளலாம். இந்தியாவில் இந்த வேலை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பொறுப்பில் உள்ளது.

எண்டோசல்பான் காட்டும் பாடம்

உலக ஒப்பந்தம், நாட்டுச் சட்டம், நீதிமன்றம், கிராமத்து மக்கள் ஆகிய எல்லாம் ஒரே இடத்தில் சந்தித்த உதாரணம் எண்டோசல்பான். பருத்தி, தேயிலை, வெண்டை, கத்தரி என்று பல பயிர்களுக்கு நம்பி அடித்த மருந்து அது. விலை மலிவு, பல பூச்சிகளையும் கட்டுப்படுத்தும் என்பதால் சிறு விவசாயிகளிடம் நல்ல பெயர் பெற்றிருந்தது. உலகிலேயே அதிகமாக இதைத் தயாரித்த நாடு இந்தியா.

கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் அரசுக்குச் சொந்தமான முந்திரித் தோட்டங்களில் 1970-களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை இந்த மருந்து ஹெலிகாப்டர் மூலம் தெளிக்கப்பட்டது. தோட்டங்களை ஒட்டிக் குடியிருப்புகளும் ஓடைகளும் இருந்தன. பிறவிக் குறைகளும் நரம்பு சம்பந்தமான நோய்களும் அந்தக் கிராமங்களில் அதிகம் காணப்படுவதாகப் புகார்கள் எழுந்தன. வேளாண்மைத் துறையில் பணியாற்றிய ஒரு பெண்மணி வழக்குத் தொடுத்து, 1998-ல் ஆகாய வழித் தெளிப்புக்கு எதிராக உள்ளூர் முன்சீப் கோர்ட்டில் தடை பெற்றார். பின்னர் தேசிய தொழில்சார் சுகாதார நிறுவனம் ஆய்வு செய்து, பாதிக்கப்பட்ட கிராமத்துக் குழந்தைகளின் ரத்தத்திலேயே மருந்தின் மிச்சம் இருப்பதைக் கண்டது. 2005-ல் கேரளத்தில் இம்மருந்தின் உபயோகம் நிறுத்தப்பட்டது.

உலக அளவில், 2007-ல் ஐரோப்பிய யூனியன் இதை ஸ்டாக்ஹோம் பட்டியலில் சேர்க்கும்படி முன்மொழிந்தது. நிபுணர் குழுவில் பரிசீலனை மூன்று ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. தயாரிக்கும் நாடு என்ற முறையில் இந்தியா எதிர்ப்புத் தெரிவித்து வந்தது. மலிவான மாற்று மருந்து இல்லை, விவசாயிகளுக்குச் செலவு கூடும் என்ற வாதம் முன்வைக்கப்பட்டது. கடைசியில் 2011 ஏப்ரலில் ஜினீவா மாநாட்டில் எண்டோசல்பான் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் உடனடியாக எல்லாவற்றுக்கும் தடை இல்லை. மாற்று ஏற்பாடு செய்து கொள்வதற்காகக் குறிப்பிட்ட சில பயிர்களுக்கும் பூச்சிகளுக்கும் சில ஆண்டுகள் விலக்குத் தரப்பட்டது. பருத்தி, நெல், மிளகாய், வெண்டை போன்றவை அந்த விலக்கில் இருந்தன.

அதே ஆண்டு மே 13-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட், நாடு முழுவதும் எண்டோசல்பானைத் தயாரிக்கவும் விற்கவும் உபயோகிக்கவும் தடை விதித்தது. உலக மாநாடு தந்த விலக்குக் காலத்துக்குக் கோர்ட் காத்திருக்கவில்லை. 2017 ஜனவரியில், பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் வழங்கும்படி கேரள அரசுக்கு அதே கோர்ட் உத்தரவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது என்ன? உலகப் பட்டியலை விட நம் நாட்டுக் கோர்ட்டின் உத்தரவே இங்கே முதலில் வேலை செய்தது. அந்த வழக்குக்கு வலுச் சேர்த்தது கிராமத்து மக்கள் விடாமல் எழுதிய மனுக்களும், அவர்கள் கேட்டதால் நடந்த ஆய்வுகளும்தான். மேலிருந்து வரும் சட்டத்துக்கும் கீழிருந்து வரும் குரல்தான் உயிர் கொடுக்கிறது.

சேர்ந்த உடனே கட்டுப்படுத்துமா?

உலக ஒப்பந்தத்தில் ஒரு மருந்து சேர்ந்துவிட்டால் மறுநாளே அது நம் கடையிலிருந்து மறைந்துவிடும் என்று எண்ணக் கூடாது. இந்தியா 2006-ல் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தை ஏற்றபோதே, பிற்பாடு பட்டியலில் சேர்க்கும் ஒவ்வொரு பொருளையும் தான் தனியாக ஏற்றால்தான் தன்னைக் கட்டுப்படுத்தும் என்று அறிவித்துவிட்டது. உதாரணமாக, 2020 அக்டோபரில் ஏழு பொருள்களை ஏற்க மத்திய அமைச்சரவை அங்கீகாரம் தந்தது. அந்த ஏழில் சில, உலகப் பட்டியலில் 2009-லேயே சேர்ந்தவை. நம்மவர்கள் நெல்லுக்கும் பருத்திக்கும் மிக அதிகம் உபயோகித்த குளோர்பைரிபாஸ் மருந்து 2025-ல் சில விலக்குகளோடு உலகப் பட்டியலில் சேர்ந்தது. இதுவும் அதே படிகளைக் கடந்துதான் வயலுக்கு வர வேண்டும்.

ராட்டர்டாம் ஒப்பந்தத்தில் வேறொரு சிக்கல் உண்டு. அங்கே ஒரு மருந்தைப் பட்டியலில் சேர்க்க எல்லா நாடுகளும் ஒருமித்துச் சம்மதிக்க வேண்டும். ஒரு நாடு வேண்டாம் என்றாலும் நின்றுவிடும். பாராகுவாட் என்ற களைக்கொல்லியின் ஒரு வகையைச் சேர்க்கும் யோசனை 2013 முதல் பல மாநாடுகளில் இப்படித்தான் நின்று போயிற்று. ஊர்ப் பஞ்சாயத்தில் ஒருவர் மறுத்தாலும் தீர்மானம் இல்லை என்றால் என்ன ஆகுமோ அதுதான் அங்கும் ஆகிறது.

மத்திய அரசும் மாநில அரசும்

அரசியல் சாசனப்படி விவசாயமும் பயிர்ப் பாதுகாப்பும் மாநிலங்களின் பட்டியலில் உள்ளன. ஆனால் பூச்சிமருந்தைப் பதிவு செய்வதும் நிரந்தரமாக நீக்குவதும் மத்திய அரசின் கையில் உள்ளன. 1968 சட்டப்படி ஒரு மாநில அரசு, மக்களுக்கு ஆபத்து என்று கருதினால், ஒரு மருந்தின் விற்பனையை 60 நாள் வரை நிறுத்தி வைக்கலாம். பிறகு சிறிது காலம் நீட்டிக்கலாம். அதற்கு மேல் மத்திய அரசுதான் முடிவு சொல்ல வேண்டும்.

2023-ல் தமிழக அரசு இந்த அதிகாரத்தைக் கொண்டே மோனோகுரோட்டோபாஸ், புரோபெனோபாஸ், அசிபேட், குளோர்பைரிபாஸ் உள்ளிட்ட ஆறு மருந்துகளுக்கு 60 நாள் தடை விதித்தது. நஞ்சருந்தி உயிரிழப்பவர்களின் தொகையைக் குறைப்பதே நோக்கம். தடை ஏன் குறுகிய காலத்துக்கு மட்டும் என்று பலர் வியந்தார்கள். சட்டம் மாநிலத்துக்குத் தந்த கால அளவே அவ்வளவுதான் என்பது விஷயம் தெரிந்தவர்களுக்கே புரியும்.

மத்திய அரசின் வேகத்துக்கு மோனோகுரோட்டோபாஸ் ஓர் உதாரணம். காய்கறிப் பயிர்களுக்கு இதை அடிக்கக் கூடாது என்ற தடை 2005-ல் வந்தது. 2013 ஜூலையில் பீகாரின் சரண் மாவட்டத்தில் ஒரு பள்ளியில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் இறந்தனர். சமையல் எண்ணெயில் இந்த மருந்து கலந்திருந்தது தெரிய வந்தது. இத்தகைய கொடிய மருந்துகளை வளரும் நாடுகள் விரைவில் சந்தையிலிருந்து விலக்க வேண்டும் என்று உணவு விவசாய நிறுவனம் அப்போது வற்புறுத்தியது. 2020 மே மாதத்தில் மத்திய அரசு, இது உள்பட 27 மருந்துகளைத் தடை செய்யும் நகல் உத்தரவை வெளியிட்டு, ஆட்சேபணைகளையும் யோசனைகளையும் கேட்டது. 2023-ல் வந்த இறுதி உத்தரவில் முழுத் தடைக்கு உள்ளானவை அந்த 27-ல் மிகச் சிலவே. மோனோகுரோட்டோபாஸ் 36 சதவீதக் கரைசலும் அப்போதுதான் நிறுத்தப்பட்டது. இருப்பை விற்றுத் தீர்க்க ஓராண்டு அவகாசமும் தரப்பட்டது.

இதே மருந்தை இலங்கை 1995-லேயே நிறுத்திவிட்டது.

பக்கத்து நாடுகளின் அனுபவம்

மருந்தை நிறுத்தினால் விளைச்சல் போய்விடாதா என்ற பயம் நியாயமானதே. ஒரு போகம் போனால் சிறு விவசாயி எழுந்திருக்க மூன்று போகம் ஆகும். ஆகவே மூன்று அனுபவங்களைப் பார்ப்போம்.

இந்தோனேசியாவில் 1980-களின் நடுவில் புகையான் பூச்சி நெல்லைப் பெருமளவில் அழித்தது. மருந்து அடிக்க அடிக்கப் பூச்சி பெருகியது. புகையானைத் தின்னும் சிலந்திகளும் பொறிவண்டுகளும் முதலில் மடிந்ததே காரணம் என்று விஞ்ஞானிகள் கண்டறிந்தனர். 1986 நவம்பரில் அந்நாட்டு அரசு, நெல்லில் 57 மருந்துகளின் உபயோகத்தைத் தடை செய்தது. மருந்து விலையில் பெரும்பகுதியை அரசே ஏற்று வந்த மானியம் 1989-க்குள் படிப்படியாக நிறுத்தப்பட்டது. அதே சமயம், பூச்சி எது, நன்மை செய்யும் பூச்சி எது என்று வயலிலேயே சொல்லிக் கொடுக்கும் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. மருந்து உபயோகம் குறைந்தது. நெல் உற்பத்தி குறையவில்லை. நம் மாநிலத்தில் நடக்கும் உழவர் வயல்வெளிப் பள்ளிகளும் அந்த வித்திலிருந்து முளைத்தவையே.

இலங்கை, மிகக் கொடிய நஞ்சு வகை மருந்துகளை 1980-களிலிருந்து ஒவ்வொன்றாக விலக்கி வந்தது. 1995-ல் எஞ்சியிருந்த அத்தகைய மருந்துகளையும் 1998-ல் எண்டோசல்பானையும் நிறுத்தியது. அடுத்த இருபது ஆண்டுகளில் அங்கே தற்கொலை விகிதம் ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது. தடைகளால் நெல் மகசூல் குறையவில்லை என்பதையும் ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டினர்.

ஆனால் அதே இலங்கை 2021-ல் வேறொன்று செய்தது. ரசாயன உரங்கள், பூச்சிமருந்துகள் இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தியது. போதுமான இயற்கை உரமும் இல்லை, விவசாயிகளுக்கு முன்னறிவிப்பும் இல்லை, பயிற்சியும் இல்லை. சில மாதங்களில், அதே ஆண்டு நவம்பரில், அரசு உத்தரவைத் திரும்பப் பெற்றது. அதற்குள் பருவம் தவறிவிட்டது. 2022-ல் நெல் உற்பத்தி முந்திய ஆண்டை விட ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்ததாக ஐ.நா. அமைப்புகள் மதிப்பிட்டன.

ஒரே நாட்டில் ஒரு தடை உயிர்களைக் காத்தது, மற்றொரு தடை விளைச்சலைக் கவிழ்த்தது. முன்னது, எது மிகக் கொடியது என்று பார்த்து, மாற்று இருப்பதைத் தெரிந்து கொண்டு, படிப்படியாகச் செய்தது. பின்னது ஒரே நாளில் செய்தது. நல்ல நோக்கம் மட்டும் போதாது, செய்யும் முறையும் நன்றாக இருக்க வேண்டும். எந்தத் தடையைக் கேட்டாலும், "பதிலுக்கு என்ன? எவ்வளவு அவகாசம்? பயிற்சி யார் தருவார்?" என்ற மூன்று கேள்விகளையும் விவசாயிகள் சேர்த்துக் கேட்க வேண்டும்.

சந்தையும் ஒரு சட்டம்தான்

அரசு தடை செய்யாவிட்டாலும் வாங்குபவர் தடை செய்வது உண்டு. நெல்லின் குலைநோய்க்கு நாம் அடிக்கும் டிரைசைக்லசோல் மருந்தை எடுத்துக் கொள்வோம். அரிசியில் இதன் மிச்சம் கிலோவுக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்று அனுமதித்து வந்த ஐரோப்பிய யூனியன், 2018 தொடக்கத்திலிருந்து அதை 0.01 மில்லிகிராம் ஆக்கியது. அதாவது நூற்றில் ஒரு பங்கு. 100 டன் அரிசியில் 1 கிராம் மருந்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று பொருள். பாஸ்மதி ஏற்றுமதிக்கு இது பெரும் சோதனையாயிற்று. 2022-ல் பஞ்சாப் அரசு, பாஸ்மதி பருவத்தில் டிரைசைக்லசோல் உள்பட பத்து மருந்துகளின் விற்பனையை 60 நாள் நிறுத்தி வைத்தது.

மிளகாய், மஞ்சள், திராட்சை, காய்கறி என்று வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் போகும் சரக்கைப் பயிரிடும் நம்மவர்களுக்கும் இது பொருந்தும். கடைசி மருந்து அடித்த நாளுக்கும் அறுவடை நாளுக்கும் இடையே விட வேண்டிய காலம் மருந்தோடு வரும் துண்டுப் பிரசுரத்தில் அச்சிடப்பட்டிருக்கும். சரக்கு திரும்பி வந்தால் நஷ்டம் ஏற்றுமதியாளரோடு நிற்காது. அடுத்த வாரமே அது மண்டியில் விலைக் குறைவாக நம் தலையில் விடியும்.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

1. டப்பாவில் உள்ள சாய்சதுர முத்திரையைப் பார்க்கவும். அதன் கீழ்ப்பாதியின் நிறம் சிவப்பானால் மிகக் கொடிய நஞ்சு. அடுத்தது மஞ்சள், அதற்கடுத்தது நீலம், கடைசி பச்சை. ஒரே பூச்சிக்கு நீலமோ பச்சையோ கிடைக்குமானால் சிவப்பை வாங்க வேண்டாம்.

2. எந்தப் பயிருக்கு, எந்தப் பூச்சிக்கு என்று லேபிளிலும் பிரசுரத்திலும் எழுதியிருப்பதைப் படிக்கவும். எழுத்துப் பொடியாக இருந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கொண்டு படிக்கச் சொல்லவும்.

3. பில் இல்லாமல் மருந்து வாங்க வேண்டாம். பில்லில் மருந்தின் பெயர், தொகுதி எண், காலாவதித் தேதி இருக்க வேண்டும். மருந்து வேலை செய்யாவிட்டாலோ, பயிர் கருகினாலோ பில்தான் சாட்சி. டப்பாவில் மிச்சம் இருக்கும்போதே வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுக்கவும். மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்பும் அதிகாரம் பூச்சிமருந்து ஆய்வாளருக்கு உண்டு.

4. காலி டப்பாவை எண்ணெய்க்கோ தண்ணீருக்கோ ஒருபோதும் உபயோகிக்கக் கூடாது. பீகார்ச் சம்பவம் நினைவில் இருக்கட்டும்.

5. தடையான மருந்தை, "பழைய சரக்கு, விலை குறைத்துத் தருகிறேன்" என்று யாராவது கொடுத்தால் வாங்க வேண்டாம். எவை தடையானவை என்ற பட்டியலை வட்டார வேளாண்மை அலுவலகத்தில் கேட்டுப் பெற்று, கூட்டுறவுச் சங்கத்திலும் பஞ்சாயத்து அலுவலகத்திலும் ஒட்டி வைக்கலாம்.

6. மத்திய அரசு நகல் உத்தரவு வெளியிட்டுக் கருத்துக் கேட்கும்போது மருந்துக் கம்பெனிகள் தவறாமல் எழுதும். விவசாயிகளும் எழுத வேண்டும். தமிழில் ஒரு பக்கம் எழுதினாலும் போதும். இந்த மருந்து எங்கள் ஊரில் எந்தப் பயிருக்கு உபயோகமாகிறது, நிறுத்தினால் என்ன மாற்று உண்டு, அடித்ததால் யாருக்கு என்ன கெடுதல் நேர்ந்தது என்று அனுபவத்தை எழுதினால், அதற்கு நிபுணர் அறிக்கைக்கு நிகரான மதிப்பு உண்டு. தனி ஆளாக எழுதுவதை விடச் சங்கத்தின் பெயரில் எழுதுவது நல்லது.

7. கலெக்டர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளிலும், கிராம சபையிலும் இதைப் பேசவும். மாற்று முறைக்குப் பயிற்சி, இனக்கவர்ச்சிப் பொறி, வேப்பம் புண்ணாக்கு போன்றவை வேண்டுமென்று தீர்மானம் போட்டு அனுப்பினால், அது கோப்பில் ஏறும். கோப்பில் ஏறிய கோரிக்கையை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

ஆற்றுப் பாசனத்தில் அணை எங்கே, மதகு எங்கே, தன் வாய்க்கால் எங்கே பிரிகிறது என்று விவசாயிக்கு நன்றாகத் தெரியும். அது தெரிந்திருப்பதால்தான் தண்ணீர் வராதபோது எந்த மதகில் போய்க் கேட்பது என்று அறிந்திருக்கிறார். சட்டமும் அப்படியே. ஜினீவா அணை என்றால், மத்திய பதிவுக் குழு பெரிய மதகு, மாநில அரசு கிளை வாய்க்கால், உள்ளூர்க் கடை வயல் மடை. எந்த மதகு அடைபட்டிருக்கிறது என்று தெரிந்தவர் அங்கே போய்க் கேட்பார். தெரியாதவர் கடைக்காரரோடு சண்டை போட்டுத் திரும்புவார். அடுத்த முறை கடைக்குப் போகும்போது டப்பாவின் நிறத்தைப் பார்ப்பதிலிருந்து விவசாயப் பெருமக்கள் இதைத் தொடங்கலாம்.